சுதை நாய்

மலையாள தேசத்து ஆரியசாலைக் கடைவீதியில் ஒரு பழைய மிளகு மண்டியை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். முகப்பில் உள்ள சுதை மிருகங்களைச் சரிசெய்ய சங்கரன்கோவிலிலிருந்து நானும் என் மனைவி பிரேமாவும் வந்தோம். கூடவே எங்கள் மகள் சுமி. மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. காது கேட்கிறது, தொண்டையில் குறையில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் பேச்சுப் பயிற்சி நன்றாகக் கொடுப்பார்கள் என்றுதான் வேலையையே ஒத்துக்கொண்டேன். அவள் வாயிலிருந்து ஒரு 'அப்பா' வந்துவிடாதா என்று ஏங்கிக்கிடந்தோம்.

முகப்பில் யானை, சிங்கம், மயில் எல்லாம் இருந்தன. பழைய வியாபாரிகளுக்கு அந்த ஜம்பம் உண்டு. இங்கே வாசலுக்கு நேர்மேலே ஒரு நாயும் உட்கார்ந்திருந்தது. ஒட்டிய வயிறும் விடைத்த காதுமாக, சாதாரணத் தெருநாய்.

மேற்பார்வை பார்க்கும் ரெனி சேச்சி முதல் நாளே சாரத்தின் கீழே நின்று சொன்னார்.

"அண்ணா, ஆ பட்டியெ விளிக்கருது, கேட்டோ."

பட்டி என்றால் நாய், அருது என்றால் கூடாது. அந்த அளவுக்கு மலையாளம் எனக்குப் பிடிபட்டிருந்தது. மிச்சத்துக்கு ஊர்த் தமிழே போதும் என்று நினைத்தேன். எங்கள் வாயில் ழகரம் ஏது? விழிப்பதும் எங்களுக்கு விளிப்பதுதான். நாய் விழிக்கக் கூடாதாம், ஏதோ சாங்கியம். அதன் கண்குழி இரண்டையும் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து வழவழவென்று தேய்த்துவிட்டேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கீழே சுமி பிரேமாவின் இடுப்பில் இருந்தாள். அவளைச் சிரிக்கவைக்க, தின்ற பன்னில் மிச்சத்தை நாயிடம் நீட்டிக் கூப்பிட்டேன்.

"தோ... தோ..."

சுமி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மறுபடியும் கூப்பிட்டேன்.

கட்டடத்தின் பின்னறையில்தான் தங்கியிருந்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. மரப்படியில் நகங்கள் படும் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

"யாரு நிக்கது?" என்றாள் பிரேமா.

சத்தம் நின்றது.

பிறகு அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது.

கதவிடுக்கில் ஒரு வெள்ளை மூக்கு நுழைந்தது. அதற்கு மேல், கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

நான் தேய்த்தது.

பிரேமாவின் வாயைப் பொத்தினேன். சுமியின் வாயைப் பொத்தத் தேவையில்லை. பேசாத பிள்ளையைக் கொடுத்ததற்கு அன்றுதான் சாமிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். எந்தத் தகப்பனுக்கும் அந்த நினைப்பு வரக் கூடாது.

வெகுநேரம் மோந்துவிட்டு அது போனது.

காலையில் பார்த்தால் வாசலுக்கு மேலே நாய் இல்லை. ரெனி சேச்சி என்னிடம் விசாரித்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"விளிக்கருதுன்னா கூப்பிடக் கூடாதுன்னு அண்ணா. விளிச்சா அது கூடெ வரும்."

அன்றே அதே ஊரில் கரமனைப் பக்கம் வீடு மாறினோம். சுமியின் பயிற்சி பாதியில் நின்றுவிடுமே என்று ஊருக்குப் போகவில்லை. பொழுது சாய்ந்தால் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எல்லாம் ஜாடைதான்.

நேற்று மழை. அந்தி நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்திருந்த சுமி, கையிலிருந்த பிஸ்கட்டைத் தெருவை நோக்கி நீட்டினாள். உதடு அசைந்தது. நானும் பிரேமாவும் உள்ளேயிருந்து ஓடினோம்.

நாங்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்த குரல். அத்தனை இனிமை.

"தோ... தோ..."

நாங்கள் வாரியெடுத்தபோது அவள் கையில் பிஸ்கட் இல்லை. விரல்களெல்லாம் ஈரச் சுண்ணாம்பு.