மூன்று நிமிடக் கம்பளி

காலை 10.10. கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல்காட்டு நடுவில் இருந்த கம்பளி மில்லின் சோதனை அறையில் சுதாராணி செத்துக் கிடந்தாள். டீ குடிக்கக் கூப்பிட வந்த தங்கை காவியாதான் முதலில் பார்த்தாள். பக்கத்தில் ஒரு வாளி. பிளீச்சிங் திரவமும் ஆசிடும் கலந்த நெடி கண்ணைக் கரித்தது. வாளிக்குள் வெள்ளைத் துணிப் பட்டை ஒன்று மிதந்தது.

10.45. இன்ஸ்பெக்டர் சுந்தரேஸ்வரி ஏட்டையாவுடன் வந்தார்.

"ஏழு மணிக்கு அவ கம்பளித் துணிய இதுல முக்குனத நானே பாத்தேன் மேடம்," என்றார் மேனேஜர் நவநீதகிருஷ்ணன். முப்பது வருடம் பருத்தி மில்லில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் இங்கே வந்தவர். "ஆசிட அளவில்லாம ஊத்திட்டா. கவனக்குறைவுன்னு எழுதிருங்க."

"எங்க அக்காவா கவனமில்லாதவ?" காவியா குமுறினாள். "மெதுவாக்குற மருந்து போட்ட துணி மூணு அலசல்ல வெறச்சுப் போவுதுன்னு அளந்து வச்சிருந்தா. மெதுவா இருக்குன்னு மாத்தி எழுதச் சொல்லி இந்த மேனேஜரு மெரட்டுனாவ. அவ மசியல."

மேசையில் அளவுப் பலகை இருந்தது. விளிம்புக்கு வெளியே தள்ளிய துணி சீக்கிரம் தொங்கினால் மென்மை. நீட்டிக்கொண்டு நின்றால் விறைப்பு. அளவுகளைக் குறித்த நோட்டில் கடைசித் தாளைக் காணோம். சுவரில் சுதாராணியின் குண்டு எழுத்து: 'குளோரின் நீர் – கம்பளிக்கு மூன்று நிமிடம் மட்டும்.' கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள். சுந்தரேஸ்வரி அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

பட்டையை அலசி வெயிலில் போடச் சொன்னார். அந்த வெயிலுக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது.

11.20. தீப்பெட்டியை உரசினார். பட்டை காகிதம்போல எரிந்தது. அலமாரியிலிருந்த கம்பளித் துண்டைக் கொளுத்தினார். மயிர் கருகும் நாற்றம்.

"இது பருத்தி, நவநீதகிருஷ்ணன். நீங்க சொன்ன ஏழு மணியிலருந்து கம்பளி இந்தத் தண்ணியில கெடந்தா மஞ்சளாகிக் கரைஞ்சு போயிருக்கும். பிளீச்சிங்னதும் ஒங்க கை பழக்கத்துல பருத்தியத் தேடிருக்கு. அவ முக்குனதப் பாத்ததா சொன்னது நீங்க மட்டும்தான். வாளிய உள்ள வச்சு, ஆசிட ஊத்தி, வெசவாயு கெளம்புனதும் தாப்பாளப் போட்டிய. சத்தம் அடங்குனதும் தொறந்துட்டிய."

"மேடம்... நான்..."

"அந்தத் தாள் எங்க?"

அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. ஏட்டையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பையிலிருந்து எடுத்த, மடங்கியிருந்த தாளைக் காவியா பிரித்துப் பார்த்தாள். எந்த அளவும் அடித்துத் திருத்தப்படவில்லை. கீழே அக்காவின் கையெழுத்து இருந்தது.