டெஸ்ஸாவின் பெயரில் ஒரு குரல்

கொரீன் காபியைத் தொடவே இல்லை.

"ப்ரேரி க்ரீக் ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்," என்றாள்.

வெர்னா ஸ்டக்கி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஊர் ஊராகப் போய், சில மாத ஒப்பந்தங்களில் நர்ஸ் வேலை பார்த்தே வயதானவள். மூட்டு வலி மிஞ்சிய பிறகு கான்சாஸில் தம்பி டுவேன் வீட்டோடு தங்கிவிட்டாள். புது ஊரில் ஒப்பந்தம் போடும் முன் அந்த ஆஸ்பத்திரியின் நிலவரத்தை விசாரித்துச் சொல்லும்படி நர்ஸ்கள் அவளைத் தேடி வருவார்கள். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற டுவேனுக்கு இந்த விசாரணைகள் என்றால் உயிர். இப்போதே கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சம்பளம் எப்படி?" என்றாள் வெர்னா.

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. போன இடத்துல அளவுக்கு மீறி பேஷண்ட் கொடுத்தாங்க. நான் ஒரு ரூம்ல இருந்தப்ப இன்னொரு ரூம்ல ஒரு பெரியவர் விழுந்துட்டாரு. பழி என் மேல. லைசென்ஸ் மயிரிழையில தப்பிச்சுது. இன்னொரு தடவைன்னா போச்சு. என் பொண்ணுக்கு என்னை விட்டா யாரும் கிடையாது."

"ஆள் சேர்க்கற ஏஜென்சிக்காரர் என்ன சொல்றார்?"

"கிப்பா? ஒரு நர்ஸுக்கு நாலு பேஷண்ட்தான்னு சத்தியம் பண்றார். அங்க வேலை பார்க்கற டெஸ்ஸாவையே நேத்து எனக்கு போன் பண்ண வெச்சார். பிரியமாத்தான் பேசினா. 'எங்க வார்டு எப்பவும் அமைதியா இருக்கும், ராத்திரில உக்காந்து புஸ்தகம் படிக்கலாம்'னா. ஆனா கேட்டதுலேருந்து என்னமோ உறுத்துது."

வெர்னாவின் கை மேஜை மேல் அப்படியே நின்றது. "அமைதியா இருக்கும்னா? அந்த வார்த்தையையே சொன்னாளா?"

"ஆமா."

"டுவேன், வண்டியை எடு."

ப்ரேரி க்ரீக் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் பிற்பகலில் போய்ச் சேர்ந்தார்கள். கொரீனைக் கீழே உட்கார வைத்துவிட்டு, வெர்னாவும் டுவேனும் பூங்கொத்தோடு வார்டுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் வெள்ளைப் பலகை. அதில் அன்றைய நர்ஸின் பெயர். மூன்று அறைகளில் டெஸ்ஸாவின் பெயர் இருந்தது.

"அக்கா, பொண்ணு இங்கதான் இருக்கா. நாமதான் வீணா சந்தேகப்பட்டோம்," என்றான் டுவேன்.

"அந்தக் கட்டில்ல இருக்கறவரைக் கேளு."

கோதுமை விவசாயி போலிருந்த முதியவர் பலகையைப் பார்த்து முகம் சுளித்தார். "டெஸ்ஸாவா? எனக்குத் தெரிஞ்சு அந்தச் செம்பட்டை முடிப் பொண்ணு ஒண்ணுதான் வருது. பெல் அடிச்சா எப்பவோ வருது. வரும்போது மன்னிச்சுக்கோங்கன்னுட்டே ஓடி வருது, பாவம்."

பக்கத்து அறையிலும் அதே பதில். அதற்கடுத்த அறையிலும் அதே.

நடைபாதையில் மனித அரவமே இல்லை. "என்ன அமைதியா இருக்கு!" என்றான் டுவேன், கொஞ்சம் சத்தமாகவே.

மருந்துத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்த செம்பட்டை முடிப் பெண் சட்டென்று நின்றாள். "சார்! உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், வாயைக் கழுவுங்க!"

பின்னால் வந்த வார்டு மேலாளர் மார்ஷா மரக்கதவை இரண்டு முறை தட்டினாள். "எந்த நர்ஸ் காதுலயும் அந்த வார்த்தை விழக்கூடாது சார். சொன்ன வாய் மூடறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வரிசையா வந்து நிக்கும்."

டுவேன் அசடு வழிந்தான். வெர்னா மட்டும் தட்டிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொரீனையும் அழைத்துக்கொண்டு மார்ஷாவின் அறைக்குப் போனார்கள். ஓரத்து மேஜையில் கெய்லி என்ற இளம்பெண் கம்ப்யூட்டரில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பதிந்துகொண்டிருந்தாள்.

"டெஸ்ஸாவைப் பார்க்கணும்," என்றாள் வெர்னா.

"அவ லீவு," என்றாள் மார்ஷா.

"இப்பத்தான் வீட்டுக்குப் போனா," என்றாள் கெய்லி, அதே நொடியில்.

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கொரீன்கிட்ட பேசினவ, வார்டு அமைதியா இருக்கும்னு சொல்லியிருக்கா. வார்டுல வேலை பார்த்தவ செத்தாலும் அதைச் சொல்ல மாட்டா. அப்போ பேசினது நர்ஸ் இல்ல. மார்ஷா, நீங்க கதவைத் தட்டினீங்க. அதனால நீங்களும் இல்ல. ஆனா டெஸ்ஸாங்கற பேரும் இந்த வார்டும் அவளுக்குத் தெரியும். நர்ஸ்களோடயே இருந்தும் நர்ஸா நிக்காதவ." அவள் திரும்பினாள். "கெய்லி, உன் குரல் நல்லா இருக்கும்மா."

"எனக்கு நேத்தே உறுத்தினது அந்த வார்த்தைதான்," என்றாள் கொரீன் மெல்ல.

கெய்லி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "கிப் சார்தான் சொன்னார்... ரெண்டு நிமிஷம் பேசினா போதும்னார்..."

"டெஸ்ஸா எங்கம்மா?"

மார்ஷாதான் சொன்னாள். "செத்துட்டா. ஷிஃப்ட் மேல ஷிஃப்ட் பார்த்துட்டு வண்டி ஓட்டிட்டுப் போனா. கண் அசந்துட்டா. எதிர்ல தானிய லாரி."

டுவேன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காலமெல்லாம் ஓட்டியது அந்த மாதிரி லாரிதான்.

"இன்ஸ்பெக்ஷன் வருது. ஒரு நர்ஸுக்கு நாலு பேஷண்ட்தான்னு காட்ட பலகையில பேர் இருந்தாகணும்," என்ற மார்ஷாவின் குரல் உடைந்தது. "மேல ஆள் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். நீ வரலைன்னா, கொரீன், இனியும் ராத்திரி பகலா அந்தப் பொண்ணு ஒருத்திதான் நிக்கணும்."

கண்ணாடி வழியே அந்தப் பெண் ஓடுவது தெரிந்தது. கொரீன் வெகுநேரம் பார்த்தாள். டுவேனுக்கு அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"நான் வந்தா என் பேரையும் எழுதிட்டு, அவளை அடுத்த வார்டுக்கு இழுப்பீங்க," என்றாள் கொரீன். "என்னால முடியாது மேடம்."

காருக்கு வந்ததும் வெர்னா புகார் சொல்ல மாநிலச் சுகாதாரத் துறைக்கு போன் போட்டாள். வரிசையில் காத்திருக்கச் சொன்னது ஒரு பதிவுக் குரல். பின்சீட்டில் கொரீனின் போன் அடித்தது. கிப். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன கொரீன், முடிவு பண்ணிட்டீங்களா?"

"டெஸ்ஸா செத்தது உங்களுக்குத் தெரியும்."

மறுமுனையில் தொண்டையைச் செருமும் ஒலி.

"சரி, அதை விடுங்க. ஓரிகன்ல ஒரு இடம் வந்திருக்கு. கடற்கரை ஊரு, அருமையான ஜனங்க. இப்பவே சொன்னீங்கன்னா..."

"அங்க யாரு செத்தாங்கன்னு முதல்ல சொல்லுங்க கிப்," என்றாள் கொரீன்.