மூன்றாவது விசில்

என் தம்பி கெதுப் அன்று காலையும் குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டான். முதல் இரண்டுக்கும் அசையமாட்டான்.

"அச்சா, மூணாவதுதான் ராட்சசன்!" என்றான். எங்கள் திபெத்திய மொழியில் அச்சா என்றால் அக்கா.

மாலையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன், கர்நாடகத்தில் எங்கள் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பேக்குத் திரும்பி வரவில்லை. அவனுக்கு ஆறு வயது. எனக்குப் பத்து.

இறந்தவர் அடுத்த பிறவிக்கு ஏழு வாரம் வழி தேடி அலைவார் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். துறவி ஒருவர் வந்து வழி சொல்லும் ஏட்டை அவருக்கு வாசித்துக் காட்டுவார். வீட்டார் அழக்கூடாது. நம் கண்ணீர் அவர் பாதையில் ஆலங்கட்டி மழையாக விழுமாம். அம்மா தன் கோடு போட்ட ஏப்ரனின் நுனியைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

வந்தவர் லோதென் என்ற இளம் துறவி. கெதுப்பின் கட்டில் அருகே அவனுடைய கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்திருந்தோம். ஏட்டைத் தலையில் தொட்டுவிட்டு, தாள் தாளாக எடுத்து வாசித்தார். எல்லாம் பழங்காலத்துத் திபெத்தியம். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை.

எனக்கே புரியாதது கெதுப்புக்கு எப்படிப் புரியும்? அவன் இன்னும் எழுத்துகளையே முடிக்கவில்லையே!

"குஷோலா," என்றேன். துறவிகளை அப்படித்தான் கூப்பிடுவோம். "அவனுக்கு இது புரியாது."

"சும்மா இரு, தேயாங்!" என்று அம்மா அதட்டினார்.

"அவன் வழி தவறிடுவாம்மா! கடைக்கு அனுப்பினாலே வேற தெருவுக்குப் போறவன்."

குஷோலா வாசிப்பை நிறுத்தினார். "உடம்பு போனதும் எல்லாம் புரியும்னு சொல்வாங்க," என்றவர் காதைச் சொறிந்தார். "ஆனா எனக்கே சில இடம் அகராதியப் பாத்தாத்தான் புரியுது."

"அப்ப நீங்க அர்த்தம் சொல்லுங்க. நான் அவனுக்கு எங்க பேச்சுல சொல்றேன்."

"உங்க பேச்சா? அது பாதி கன்னடமாச்சே!"

"அவனுக்குத் தெரிஞ்சது அதுதான்."

குஷோலா அம்மாவைப் பார்த்தார். அம்மா மெல்லத் தலையசைத்தார்.

"இந்த இடத்துல, ஆயிரம் இடி சேந்தாப்ல சத்தம் கேக்கும், அஞ்சாதேன்னு இருக்கு."

நான் யோசித்தேன். இடி என்று சொன்னால் அவன் பயந்து ஓடிவிடுவான், நின்று கேட்கமாட்டான்.

"டேய் கெதுப், பெரிசா சத்தம் கேக்கும்டா. மூணாவது விசில்தான். ராட்சசன் இல்ல. காதைப் பொத்திக்கிட்டு நேராப் போ. கட்டிலுக்கு அடியில ஒளியாத."

அம்மா சிரித்துவிட்டார். பிறகு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். குஷோலா அடுத்த தாளை எடுத்தார்.

ஏழு வாரமும் பள்ளி விட்டதும் ஓடி வந்தேன். அவர் அகராதியோடு வந்தார்.

இப்போது மொழிபெயர்ப்புதான் என் வேலை. பழைய ஏடுகளை எங்கள் பிள்ளைகளின் பேச்சில் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிந்ததும், இது கெதுப்புக்குப் புரியுமா என்று உரக்க வாசித்துப் பார்ப்பேன்.

அம்மா அதே குக்கரில்தான் சமைக்கிறார். இன்றும் மூன்றாவது விசிலுக்குத்தான் சத்தம் அதிகம்.