சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு

தேவிபிரியா அக்காவின் கணினி வாய் ஓயாமல் பேசும். எந்த எழுத்தைத் தட்டினாலும் சொல்லும். எந்தப் பெட்டி திறந்தாலும் வாசிக்கும். அக்காவுக்குப் பார்வை கிடையாது. அதனால் திரையில் இருப்பதையெல்லாம் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டிருந்தார். அந்தக் குரல் பேசும் வேகத்துக்குப் பாளையம்பட்டியில் அக்காவைத் தவிர யாராலும் ஈடுகொடுக்க முடியாது. பக்கத்து வீட்டு ஸ்ரீமதிக்கு மட்டும் பாதி புரியும்.

ஸ்ரீமதி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சனி, ஞாயிறு வந்தால் பல் தேய்த்த கையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். அக்கா செய்யும் வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

மதுரையில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று இருந்தது. அங்குள்ள ஆசிரியர்கள் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்புவார்கள். வாசிக்கும்போது இருமுவார்கள், தும்முவார்கள். வெளியே ஐஸ் வண்டி மணியடிக்கும். அக்கா அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, பாடத்தைச் சுத்தமாக்கித் திருப்பி அனுப்புவார். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் பரீட்சைக்குப் படிப்பார்கள். ஒருமுறை ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு நடுவே ஒரு சேவல் நாலு தடவை கூவியிருந்தது. அக்கா அதை வெட்டியபோது ஸ்ரீமதி சேவல் சத்தத்தை மட்டும் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வந்தபோது அக்கா விரல்களை விசைகள் மேல் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா?"

"சேமிக்க மாட்டேங்குது ஸ்ரீ. சி டிரைவுல இடமே இல்லயாம்."

ஸ்ரீமதி திரையைப் பார்த்தாள். சி டிரைவுக்கு நேரே இருந்த பட்டை முழுக்கச் சிவப்பாக இருந்தது. டி டிரைவில் எக்கச்சக்க இடம். அக்கா தன் பதிவுகளை எல்லாம் டி டிரைவில்தான் வைத்திருந்தார். ஆனால் ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருள் இருந்தது சி டிரைவில். வேலை நடக்கும்போது அது தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்ளும் இடமும் அங்கேதான். ஒரு பாடம் முடிவதற்குள் இரண்டு ஜிபி தின்றுவிடும்.

மொத்தம் பதினெட்டு பாடங்கள். ஏழு முடிந்திருந்தன. மீதிப் பதினொன்றும் திங்கட்கிழமை காலைக்குள் போய்ச் சேர வேண்டும். வியாழக்கிழமை அந்தப் பிள்ளைகளுக்கு அறிவியல் பரீட்சை.

அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மாதவனுக்கு அக்கா போன் செய்தார். திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூட வேலையில் மாட்டிக்கொண்டதாகவும், செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றும் அவர் சொன்னார்.

அப்போது அக்காவின் தம்பி அசோக் டியூஷன் முடிந்து வந்தான். ஒன்பதாம் வகுப்பு. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்க? அந்த மென்பொருள் ஃபோல்டர அப்படியே கட் பண்ணி டி டிரைவுல பேஸ்ட் பண்ணா முடிஞ்சது."

அப்படிச் செய்தால் பிறகு திறக்குமா என்று ஸ்ரீமதி கேட்டாள். ஃபோல்டர் எங்கே இருந்தால் என்ன, உள்ளே இருப்பது அதே சரக்குதானே என்றான் அசோக். கணினி இரண்டு தடவை நிஜமாகவா என்று கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்று தட்டினான்.

இருபது நிமிடத்தில் எல்லாம் டி டிரைவுக்குப் போய்விட்டது. சிவப்புப் பட்டை நீலமானது. அசோக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அக்கா மென்பொருளைத் திறந்தார். திறக்கவில்லை. தேடுவது அந்த இடத்தில் இல்லை என்றது கணினி. அசோக் டி டிரைவுக்கே போய் நேராகத் திறந்து பார்த்தான். ஏதோ ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்று அதுவும் நின்றுவிட்டது.

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க ஸ்ரீமதிக்கு என்னவோ செய்தது.

அசோக் பதற்றத்தில் வேறு எதையோ திறக்கப் போனான். ஸ்ரீமதி மவுஸைக் கையால் மூடினாள்.

"அண்ணே, வேற எதயும் தொடாத. எங்கருந்து எடுத்தியோ அங்கயே திரும்ப வையி. முதல்ல பழையபடி ஆகட்டும்."

மறுபடி இருபது நிமிடம். ஃபோல்டர் பழைய இடத்துக்கு வந்தது. அக்கா திறந்தார். மென்பொருள் திறந்தது. மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"ஏன் அங்க போனா திறக்கல?" என்று அசோக் முணுமுணுத்தான்.

ஸ்ரீமதிக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. போன வருடம்தான் அவர்கள் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பாளையம்பட்டிக்குக் குடிவந்தார்கள். சாமான் எல்லாம் ஒரே லோடில் வந்துவிட்டது. ஆனால் கேஸ் சிலிண்டர் மட்டும் பழைய வீட்டுக்கே போய் நின்றது. மூன்று நாள் கடை இட்லி. அம்மா போய் முகவரியை மாற்றி எழுதிக் கொடுத்த பிறகுதான் சிலிண்டர் புது வீட்டுக்கு வழி கண்டுபிடித்தது.

"சாமான மட்டும் தூக்கிட்டுப் போயிட்டோம்ணே. அட்ரஸ மாத்தல. கம்ப்யூட்டர் பழைய அட்ரஸ்லயே தேடுது" என்றாள்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "சரியாத்தான் சொல்ற. மென்பொருளப் போடும்போதே அதோட இடத்தக் கம்ப்யூட்டர் பல எடத்துல குறிச்சு வச்சுக்கும். அப்ப, அதையும் சேத்து மாத்துற மாதிரி ஒரு வழி இருக்கணும்."

வழியைத் தேடினார்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற இடத்தில், கணினியில் உள்ள மென்பொருள்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பெரியது மேலே வரும்படி ஸ்ரீமதி மாற்றினாள். அக்காவின் மென்பொருள் இருபத்திரண்டு ஜிபியோடு முதலில் வந்தது. அம்புக்குறியை அடுத்த வரிக்கு இறக்கியதும் கணினி உரக்க வாசித்தது.

"சூறாவளி கார் ரேஸ். ஒன்பது ஜிபி."

பேசும் கணினிக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

"ஏலே அசோக்" என்றார் அக்கா.

அசோக் தரையைப் பார்த்தான். அறுபத்து மூன்றாவது கட்டம் வரை வந்துவிட்டதாகவும், அழித்தால் எல்லாம் போய்விடும் என்றும் மெல்லச் சொன்னான்.

ஸ்ரீமதி அந்த வரியைத் தட்டிப் பார்த்தாள். அதில் 'மூவ்' என்று ஒரு பட்டன் இருந்தது. இது இருந்தால் கணினியே சாமானையும் தூக்கி, முகவரியையும் மாற்றிவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. அழிக்க வேண்டாம், டி டிரைவுக்கு அனுப்பினால் போதும் என்றாள். அசோக்கின் முகத்தில் உயிர் வந்தது.

அக்காவின் மென்பொருளில் அந்தப் பட்டன் இல்லை. நீக்கு என்பது மட்டும்தான் இருந்தது. அப்படியென்றால் அதை முழுதாக நீக்கிவிட்டு, டி டிரைவில் புதிதாகப் போட வேண்டும்.

மணி ஒன்பதே முக்கால். அசோக் மூவ் பட்டன் மேல் மவுஸை வைத்தான்.

"இப்ப வேண்டாம்ணே. பத்து மணிக்குக் கரண்ட நிப்பாட்டிருவாக. இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்பு."

பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றான் அவன். முடியாவிட்டால் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் கிடக்குமே என்றாள் அவள். அக்கா ஸ்ரீமதி பக்கம் தலையசைத்தார்.

இருந்த நேரத்தில் சின்ன வேலை ஒன்றை முடித்தார்கள். பாதியில் நின்ற எட்டாவது பாடத்தையும், அக்கா இரண்டு வருடமாகத் தன் விரலுக்கு ஏற்றபடி அமைத்து வைத்திருந்த விசை அமைப்புகளையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தார்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்தார்கள்.

சொன்னபடி பத்து மணிக்கு மின்சாரம் போனது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. வெயில் மட்டும் நிற்கவில்லை.

மின்சாரம் வரும் வரை மூவரும் காராச்சேவைக் கொறித்துக்கொண்டு யோசித்தார்கள். நீக்கிய பிறகு திரும்பப் போட என்னென்ன வேண்டும் என்று ஸ்ரீமதி கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினாள். மென்பொருளைப் போடும் மூலக் கோப்பு டி டிரைவில் இருந்தது. அதற்குரிய இருபத்தைந்து எழுத்து உரிம எண்ணை அக்கா ஒரு தடித்த அட்டையில் பிரெய்லியில் குத்தி வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் மாற்றுவதாக இருந்தால் பேசும் மென்பொருளையும் டி டிரைவுக்குக் கொண்டுபோகலாமே என்றான் அசோக்.

"அது வேண்டாம்ணே" என்றாள் ஸ்ரீமதி. "அது இரநூறு எம்பிதான். அது பேசாமப் போச்சுன்னா அக்கா எப்படி வேல பாப்பாக? அது இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

அக்கா கையை நீட்டி, ஸ்ரீமதியின் தலையைக் கண்டுபிடித்து, லேசாகத் தட்டினார்.

நாலு மணிக்குத் தறிச் சத்தம் மறுபடி கேட்டது. கால் மணி நேரம் பொறுத்து, மின்சாரம் நிலையாக நின்றதும் தொடங்கினார்கள்.

முதலில் கார் ரேஸ். மூவ் பட்டனைத் தட்டி, டி டிரைவைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிந்ததும் அசோக் திறந்து பார்த்தான். அறுபத்து மூன்றாவது கட்டம் அப்படியே இருந்தது.

அடுத்தது பெரிய வேலை. நீக்குவதற்கு முன்னால் மூலக் கோப்பு திறக்கிறதா என்று பார்த்தார்கள். திறந்தது. அக்கா ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, தானே நீக்கு என்பதைத் தட்டினார். கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்தார்கள். பிறகு புதிதாகப் போடத் தொடங்கினார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. பேசும் குரல், "பட்டன். பட்டன். பட்டன்" என்று மட்டும் சொன்னது. எந்தப் பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அதனால் வாசிக்க முடியவில்லை.

"எல்லாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்தான். தட்டிக்கிட்டே போ" என்றான் அசோக்.

"இரு. நான் வாசிக்கிறேன்" என்றாள் ஸ்ரீமதி.

ஒவ்வொரு பக்கத்தையும் அவள் நிதானமாக வாசித்தாள். அக்கா கேட்டு, எதைத் தட்டலாம் என்று சொன்னார். மூன்றாவது பக்கத்தில், எங்கே போட வேண்டும் என்ற கேள்விக்குச் சி டிரைவ் என்றே எழுதியிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பிரவுஸ் பட்டன். நெக்ஸ்ட் தட்டிக்கொண்டே போயிருந்தால் மறுபடி பழைய இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கும். ஸ்ரீமதி அதைத் தட்டி, டி டிரைவில் புது ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, அதைக் காட்டிவிட்டாள். அசோக் எட்டிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பட்டனை இதுவரை கவனித்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

கடைசியில் உரிம எண். அக்கா அட்டையை விரலால் தடவி ஒவ்வொன்றாகச் சொல்ல, ஸ்ரீமதி தட்டினாள். எண் தவறு என்று வந்தது.

ஸ்ரீமதி திரையை நெருங்கி, "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா, நான் தட்டுனத வாசிக்கிறேன்" என்றாள். ஒன்பதாவது இடத்தில் அக்கா நிறுத்தினார்.

"என்ன தட்டுன?"

"பூஜ்யம். போன் நம்பர் சொல்ற மாதிரி ஓன்னு சொன்னீங்கள்ல."

"பூஜ்யம் இல்ல. ஓ எழுத்து. பிரெய்லியில ரெண்டும் வேற வேற. உங்க எழுத்துலதான் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்போல."

ஸ்ரீமதி திருத்தினாள். மென்பொருள் திறந்தது. பென் டிரைவிலிருந்து விசை அமைப்புகளை ஏற்றினார்கள். தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் இடத்தையும் அக்கா மறக்காமல் டி டிரைவுக்கு மாற்றிவிட்டார். பிறகு எட்டாவது பாடத்தைத் திறந்து, ஓர் இருமலை வெட்டி, சேமித்தார்.

"சேமிக்கப்பட்டது" என்றது குரல்.

அக்கா அதை வேண்டுமென்றே இன்னொரு முறை சேமித்துக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. அசோக் கேட்காமலே டீ வாங்கி வந்தான். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஸ்ரீமதி சீருடையோடு பக்கத்தில் நிற்க, பதினெட்டாவது பாடமும் மதுரைக்குப் போனது.

வியாழக்கிழமை மாலை அக்காவின் போன் அடித்தது. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் காளீஸ்வரி பேசினாள். பரீட்சை நன்றாக எழுதினாளாம். எட்டாவது பாடத்திலிருந்து மட்டும் மூன்று கேள்விகளாம். அக்கா சிரித்துக்கொண்டே போனை ஸ்ரீமதியிடம் கொடுத்து, பேசு என்று சைகை காட்டிவிட்டு, விசைப்பலகைக்குத் திரும்பினார்.

"சமூக அறிவியல் பாடமெல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டாள் காளீஸ்வரி.

ஸ்ரீமதி திரையைப் பார்த்தாள். முதல் பாடத்தின் ஒலி அலைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா இப்பவே ஆரம்பிச்சிட்டாக" என்றாள். "எத்தன பாடம்னாலும் அனுப்பச் சொல்லுங்க. இங்க நெறைய இடம் இருக்கு."