வெள்ளிக்கிழமை இரவு ஓடிய தையல் மெஷின்

பால்டிமோரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒடெஸ்ஸா என்ற கறுப்பினப் பெண், துப்பறிவாளர் டன்லீவியின் அலுவலகத்துக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள். கையில் ஒரு பெரிய கேக் டப்பா. அதை வைக்க மேஜையில் இடமில்லாததால் உதவியாளன் வால்டரின் கையில் திணித்துவிட்டாள்.

"நாளைக்கு எனக்குக் கல்யாணம் சார். மாப்பிள்ளை லாக்கப்புல இருக்காரு."

டன்லீவி போலீஸ் வேலையை விட்டு வந்தவர். குரலை உயர்த்தாத மனிதர். "உட்காரும்மா. முதல்ல இருந்து சொல்லு," என்றார்.

மாப்பிள்ளை எஸ்ரா டாலிவர், உலகப் போருக்குப் போய்த் திரும்பிய டிரம்பட் வாசிப்பவன். பெரிய துணிக்கடைகளில் கறுப்பர்களைக் கோட்டைப் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால், கல்யாண சூட்டை ஹெர்ஷல் பிளாட்கின் என்ற யூதத் தையல்காரரிடம் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அளவு சரிபார்க்கப் போய்விட்டு வந்தான். சனிக்கிழமை காலையில் பால்காரர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபோது, பிளாட்கின் தலையில் அடிபட்டுத் தரையில் கிடந்தார். ஒரு நீதிபதியின் மனைவி பழுதுபார்க்கக் கொடுத்திருந்த, விலையுயர்ந்த மிங்க் ரோமக் கோட்டைக் காணவில்லை.

"அவரு பொழைச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா இன்னும் கண்ணே முழிக்கல. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு எஸ்ரா அந்தத் தெருவுல நடந்து போனதை யாரோ பாத்திருக்காங்க. அவ்வளவுதான், புடிச்சிட்டாங்க."

"எட்டு மணிக்கு அங்க என்ன வேலை?"

"கல்யாணத்துக்கு ஒரு பாட்டு கட்டிக்கிட்டு இருந்தாராம். நடந்தாதான் அவருக்கு மெட்டு வரும். இதைப் போலீஸ்ல சொன்னா சிரிக்கிறாங்க!"

"அதுக்கு முன்னாடி?"

"மூணரையிலேருந்து ஏழு மணி வரைக்கும் சர்ச்சுல ஒத்திகை. சபையே பாத்துச்சு. ஆனா அடி விழுந்தது ஏழுக்கு மேலன்னு சொல்றாங்களே!"

டன்லீவி தொப்பியை எடுத்துக்கொண்டார். வால்டர் கேக்கோடு பின்னாலேயே ஓடினான்.

கடைக்குள் கை விறைத்தது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டி தரையில் கிடந்தது. தையல் மெஷின் உறை மாட்டி மூடப்பட்டிருந்தது. பின்னறையில்தான் பிளாட்கின் தனியாகக் குடியிருந்தார். அங்கே சின்ன மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கைக்குட்டைக்குக் கீழே இரண்டு பின்னல் ரொட்டிகள். பக்கத்தில் இரண்டு புது மெழுகுவர்த்திகள். திரி இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

வால்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாஸ்! ரெண்டு ரொட்டி, ரெண்டு மெழுகுவர்த்தி. விருந்தாளி வரவேண்டியிருந்திருக்கு. பொம்பளையாத்தான் இருக்கும். அவதான் அடிச்சிருக்கா!"

"பாவம், அந்த ரொட்டிக்கு இவ்வளவு பெரிய கதையா?" என்றார் டன்லீவி. ஆனால் மெழுகுவர்த்திகளின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றதை வால்டர் கவனித்தான்.

வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளைட் ஹார்பிசன் நின்றிருந்தான். வாய்க்கொழுப்பு ஜாஸ்தியான ஆள். எல்லாக் கதவுக்கும் அவனிடம் சாவி இருந்தது. போலீஸின் முக்கிய சாட்சியும் அவன்தான்.

"ஏழு மணிக்கு நான் பாருக்குக் கிளம்பினேன் சார். கதவுக்கு உள்ள தையல் மெஷின் கடகடன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கிழவன் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் நடுராத்திரி வரைக்கும் நான் பாருல. யாரை வேணா கேட்டுக்குங்க."

"வெள்ளிக்கிழமை ராத்திரி அந்நேரத்துக்குமா தைச்சாரு?"

"இவனுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஆத்தா செத்தாலும் தையலை நிறுத்தமாட்டானுங்க. லாபம், லாபம், அது ஒண்ணுதான். பதினோரு வருஷமா இவன்கூட ஒரே கூரைக்குக் கீழ இருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்தக் கறுப்பனும் லேசுப்பட்டவன் இல்ல."

வால்டரின் காது சிவந்தது. கையில் கேக் இல்லாமல் இருந்தால் என்ன நடந்திருக்குமோ. டன்லீவியோ கையைத் தேய்த்துக்கொண்டு, "ரொம்பக் குளிருதே, பாய்லர் பத்தவைக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்தே ரிப்பேர் ஆயிடுச்சு. திங்கக்கிழமைதான் ஆள் வருவான்."

டன்லீவி போய் இரண்டு போன் பேசிவிட்டு வந்தார். அரைமணி நேரத்தில் போலீஸ் லெப்டினன்ட் ரஸ்க் முறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். கூடவே, கைவிலங்கு போட்ட எஸ்ரா. செய்தி கேட்டு ஓடி வந்த ஒடெஸ்ஸா அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். எந்தப் போலீஸ்காரனுக்கும் அவளை விலக்கத் தைரியம் வரவில்லை.

"சுருக்கமாச் சொல்லித் தொலைங்க, டன்லீவி," என்றார் ரஸ்க்.

"சொல்றேன். ஹார்பிசன், அந்த மெஷின் சத்தத்தை இவருக்கும் சொல்லுங்க."

ஹார்பிசன் மறுபடி சொன்னான். இந்தத் தடவை இன்னும் இரண்டு வசவு சேர்த்து, ரசித்துச் சொன்னான்.

"நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க பக்கத்து வீட்டுல ஒரு யூதக் குடும்பம்," என்றார் டன்லீவி. "சனிக்கிழமை காலையில நான் போய்த்தான் அவங்க அடுப்பைப் பத்தவைப்பேன். ஏன்னா, வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கினா அவங்களுக்கு ஓய்வு நாள் ஆரம்பம். நெருப்பு மூட்டமாட்டாங்க, ஊசியைத் தொடமாட்டாங்க. மறுநாள் நட்சத்திரம் தெரியற வரைக்கும் வேலைங்கற பேச்சே கிடையாது."

ஹார்பிசனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எல்லாருமா அப்படி இருக்காங்க?" என்றார் ரஸ்க்.

"எல்லாரும் இல்ல. பிளாட்கின் அப்படித்தான். மேஜையைப் பாருங்க, அவரு தயாரா இருந்திருக்காரு. மெஷினுக்கு உறை போட்டாச்சு, ஓய்வு நாள் வழக்கப்படி ரெண்டு ரொட்டி வெச்சாச்சு. மெழுகுவர்த்தியை மட்டும் ஏத்தல. இருட்டுறதுக்கு முன்னாடியே ஏத்திடணும் அதை. ஏத்துறதுக்குள்ள அவரை யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்க. நேத்து சாயங்காலத் தொழுகைக்கு அவரு வரவே இல்லன்னு அவங்க ஜெபக்கூடத்துலயும் போன்ல சொன்னாங்க. சளி புடிச்சிருக்கும்னு நினைச்சாங்களாம்."

"அப்படின்னா அடி விழுந்தது..." ரஸ்க் இழுத்தார்.

"சூரியன் இறங்கறதுக்கு முன்னாடி. நாலு, நாலரை இருக்கும். அந்நேரம் எஸ்ரா சர்ச்சுல வாசிச்சுக்கிட்டு இருந்தான். பிளாட்கின் ஏழு மணிக்கு உயிரோட தைச்சுக்கிட்டு இருந்தாகணும்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் அவசியம். ஏழுலேருந்து பாருல இருந்த ஆளுக்கு."

"பொய்! கோட்டு எங்க? காட்டுங்க பாப்போம்!" ஹார்பிசன் கத்தினான்.

"காலையிலேருந்து கட்டடம் முழுக்க போலீஸ். வெளிய கொண்டுபோக உங்களுக்கு வழியில்ல. இந்தப் பனியில பாய்லரைப் பத்தவைக்காத பராமரிப்பு ஆளை நான் பாத்ததில்ல. எரிஞ்சிடக் கூடாத ஏதோ ஒண்ணு உள்ள இருக்கணும். வால்டர், கேக்கைக் கீழ வெச்சிட்டுப் போ."

வால்டர் நிலவறைக்குப் பறந்தான். திரும்பி வந்தபோது தலை முதல் கால் வரை கரி. தோளில் மிங்க் கோட்டு. "பாய்லர் வயித்துக்குள்ள, சாக்குல சுத்தி!" என்று பல்லைக் காட்டினான். முகத்தில் வெள்ளையாக இருந்தது அந்தப் பல் மட்டும்தான். ஒடெஸ்ஸா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

விலங்கு கை மாறியது. ஹார்பிசனை இழுத்துக்கொண்டு போகும்போது டன்லீவி அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"பதினோரு வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கீங்க. ஒரு வெள்ளிக்கிழமை கூட அவரு என்ன பண்றாருன்னு பாக்கல. பாத்திருந்தா வேற பொய்யாச் சொல்லியிருப்பீங்க."

ரஸ்க் எஸ்ராவிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "போகலாம்," என்றார். ஒடெஸ்ஸா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்கு மூணு மணிக்குக் கல்யாணம் லெப்டினன்ட். விலங்கு மாட்டறதுக்குத் தேடிப் புடிச்சு வரத் தெரிஞ்சுதில்ல? சாப்பிடவும் வாங்க."

வால்டருக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. ரஸ்க்குக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் பிளாட்கின் கண்ணைத் திறந்தார். கட்டுப் போட்ட தலையோடு அவர் கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளையின் கால்சட்டைக்கு ஓரம் மடித்தது யார் என்பது. யாரும் மடிக்கவில்லை என்று தெரிந்ததும் தலைவலியைவிட அதற்காகத்தான் அதிகமாகத் துடித்துப்போனார். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். எஸ்ரா போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்க, படுக்கையில் சாய்ந்தபடியே பிளாட்கின் ஊசியை ஓட்டினார். "அசையாம நில்லுடா, போருக்குப் போன பயலா நீ!" என்ற அதட்டல் வராந்தா வரை கேட்டது.

மூன்று மணிக்கு சர்ச் நிரம்பி வழிந்தது. எவ்வளவு தேய்த்தும் வால்டரின் காதோரக் கரி போகவில்லை. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. பாதிரியார் நிதானமாக, நீட்டி முழக்கிக் கேள்வியை ஆரம்பித்தார். இன்னொரு போலீஸ் வண்டி வந்து நிற்கும்வரை காத்திருக்க ஒடெஸ்ஸாவுக்குப் பொறுமை இல்லை. அவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே, சர்ச்சின் கூரை அதிர, "சம்மதம்!" என்றாள்.