பைக்குள் வந்த துரை

அக்கம்பக்கத்துப் பூனைகளுக்கெல்லாம் நான்தான் எமன். கால்நடை மருத்துவரின் உதவியாளன். வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவன். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே அவை மாயமாகிவிடும். வாஷிங் மெஷினுக்குள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், ஒருமுறை சுருட்டி வைத்த பாய்க்குள். என்னைக் கண்டு பயப்படுகிற ஒரே இனம் என்பதால் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அக்கா அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என்னைத் தம்பி என்று கூப்பிடுவதால் எனக்கு அக்கா. அவருக்கென்று இருந்தது துரை மட்டும். கிழட்டுப் பூனை, சிறுநீரகம் பழுது. தினமும் ஊசி போடாவிட்டால் பிழைக்காது.

"காலையிலேருந்து ஆளைக் காணோம் தம்பி. இன்னிக்கு ஊசி போடலேன்னா..." அவர் முடிக்கவில்லை.

"நான் வந்தா ஒளியறது அவன் வழக்கந்தானே அக்கா. நீங்க ரூம்ல பாருங்க, நான் ஹால்ல பாக்கறேன்."

பட்டப்பகல்தான். ஆனாலும் உள்ளே ஈரச்சுவர் வாசனையும் ஒரு மங்கலும். சோபாவை நகர்த்தினேன். திரையை விலக்கினேன். எங்கோ தரையை மெல்லப் பிராண்டும் சத்தம்.

டார்ச் எடுக்க, வாசலருகே திறந்து கிடந்த என் மருந்துப் பையின் பக்கம் குனிந்தேன்.

உள்ளே துரை.

காதுகளைத் தட்டையாக்கி, ஊசிகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே அது அதிகம் பயப்படும் பைக்குள்.

என்னைப் பார்க்கவில்லை. அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிடைச்சிட்டான் தம்பி." அறைக்குள்ளிருந்து அக்காவின் கிசுகிசுப்பு. "கட்டிலுக்கு அடியில. என் வளையலைப் பிடிச்சு இழுக்கறான், போக்கிரி."

டார்ச்சை மறந்து நிமிர்ந்தேன்.

"அக்கா... கையை எடுங்க."

"விட மாட்டேங்கறான்பா."

வீரமெல்லாம் இல்லை, வாசல் பக்கம் ஓட நினைத்த கால் அறைப் பக்கம் ஓடிவிட்டது. தோளைப் பிடித்து இழுத்தேன். அக்கா வந்தார்.

வளையல் வரவில்லை.

அன்று ஊசி போட்டபோது துரை முனகக்கூட இல்லை. இருவரையும் கையோடு என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

"இங்க ஒளியறதுக்கு இடமே கிடையாது அக்கா. நானே இடிச்சுக்கிட்டுதான் நடக்கறேன்," என்றேன். வெளிறிய முகத்தோடு அக்கா சிரித்தார்.

துரையைத் தரையில் விட்டேன். அது ஒருமுறை மோப்பம் பிடித்தது. அடுத்த நொடி, மறுபடியும் என் பைக்குள் புகுந்துகொண்டது.

என் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வளையல் மெல்ல உருண்டு வந்து, அக்காவின் காலருகே சாய்ந்தது.