மேவிஸின் கண்டினியூட்டி நோட்டு

மானிட்டரில், ஜன்னலோரம் சாம்பல் நிறக் கவுனில், நரைத்த தலையோடு ஒருத்தி நின்றிருந்தாள். நடிகர் பட்டியலில் அப்படி யாருமே இல்லை.

யார்க்‌ஷயரில் பழைய மாளிகை ஒன்றின் மாடியறை. மழைநீர் குழாயில் குடுகுடுவென்று இறங்கும் சத்தமும், மெழுகு கருகும் வாடையும், நனைந்த கம்பளிக் கோட்டுகளின் நாற்றமுமாக, பட்டப்பகலிலேயே அறையை இருட்டாக்கி, விக்டோரியா காலத்து நாவல் ஒன்றை டிவி தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேவிஸுக்குக் கண்டினியூட்டி வேலை. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்ததிலும் அப்படியே இருக்க வேண்டும், மெழுகுவத்தியின் உயரம்கூட. போன தொடரில் ஒரு விதவையின் கையுறையைக் கோட்டைவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். இன்னொரு தப்பு என்றால் வேலை காலி.

“மேவிஸ், அந்தப் பொம்பள யாரு?” இயக்குநர் ட்ரெவர் கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “காலையிலேர்ந்தே இருக்காங்க ட்ரெவர். நோட்டுல இருக்கு.”

“அப்ப இருக்கட்டும். மாத்திடாதே.”

அவர் டீக்குத் திரும்பியதும் அவசரமாக எழுதினாள்: சாம்பல் கவுன், ஜன்னல், இடது கை திரைச்சீலையில். நிமிர்ந்தாள். ஜன்னலோரம் யாருமில்லை. மானிட்டரில் மட்டும் இருந்தாள்.

கோணம் மாற மாற அவளும் நகர்ந்தாள். அலமாரியருகே. பிறகு கட்டிலின் தலைமாட்டில். கட்டிலில் காய்ச்சல்காரச் சிறுமியாக நடிக்கும் எட்டு வயது பெத்தனி.

“மேவிஸ் ஆன்ட்டி, யாரோ எம்மேல மூச்சு விடறாங்க. பல்லே தேய்க்கல போல.”

மேவிஸ் நோட்டைப் புரட்டினாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பொய்யை ஒத்துக்கொள்ளத் தைரியமில்லை. எழுதிய வரியை மட்டும் கோடு போட்டு அடித்தாள்.

“ஆக்‌ஷன்!”

மானிட்டரில் சாம்பல் கவுன் இல்லை. அப்பாடா.

கட்டிலில் பெத்தனியின் வெள்ளை இரவு உடை. அதற்குள் சுருங்கிய கழுத்து. நரைத்த தலை. பொக்கை வாய். அந்த வாய் பெத்தனியின் வசனத்தை, பெத்தனியின் குரலிலேயே, பிசகாமல் சொன்னது.

மேவிஸ் கட்டிலைப் பார்த்தாள். அங்கேயும் அதேதான்.

“கட்! பிரமாதம்டா செல்லம்!” எல்லோரும் கைதட்டினார்கள்.

“அது பெத்தனி இல்ல... நான் பொய் சொல்லிட்டேன்...” மேவிஸ் சொன்னது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

பெத்தனியின் அம்மா லொரெய்ன் ஓடிவந்தாள். “களைச்சுட்டியா பட்டு? வா, வீட்டுக்குப் போலாம்.” அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நரைமுடி லொரெய்னின் முதுகில் வழிந்தது. நீளமாய்த் தொங்கிய கால்கள் படிக்குப் படி இடித்துக்கொண்டே இறங்கிப் போயின.